மேசைக் கணனியும் கைத்தொலைபேசியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அயலவர் ஒருவர் தம் மகளுடன் எம் இல்லத்துக்கு வந்திருந்தார். மகள் சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்தி உயர்தர வகுப்பிற் சேர்ந்திருக்கின்றாள். "மாஸ்ரர், இவளுக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கித்தான் ஆகவேணுமோ? கையிலை இருக்கிற போன் காணும் எண்டு சொல்லுறாள்" என்றார். பிள்ளை கேட்கத் தந்தை மறுப்பதே உலக வழக்கு. இங்கே தந்தை கொடுக்க முன்வரப் பிள்ளை வேண்டாமென்கிறாள்! 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் டொலரொன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்தபின், மடிக்கணனி வாங்குதல் எம் போன்ற குடும்பங்களுக்கு இலேசான காரியமன்று. ஆதலால் உடனே விடை கூற எமக்கு மனம் துணியவில்லை.

கணனி வீட்டுக்குள் நுழைந்த வரலாறு நீண்டதன்று. 1981 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தனது 'பேர்சனல் கொம்பியூட்டரை' வெளியிட்டது. ஆரம்ப விலை 1,565 டொலர். அதன் நினைவகம் 16 கிலோபைற் மாத்திரமே. இன்று நான்கு கிகாபைற் நினைவகமுடைய சாதாரண கைத்தொலைபேசி ஒன்று அதனினும் இரண்டரை இலட்சம் மடங்கு பெரிய நினைவாற்றல் உடையது. ஆயினும், மேசையில் அமர்ந்த அந்தப் பெட்டியே கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கணனியுலகின் சக்கரவர்த்தியாய் விளங்கிற்று.

2007 ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தின் ஐபோனும், 2010 இல் அதன் ஐபாட் என்னும் பலகைக் கணனியும் வந்தன. 2010 ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் உலகெங்கும் விநியோகிக்கப்பட்ட திறன்பேசிகள் ஏறத்தாழ 10 கோடி. கணனிகளோ 9 கோடியே 20 இலட்சம் வரையில். 2016 ஒக்ரோபரில், இணையப் பாவனையில் 51.3 சதவீதம் கையடக்கக் கருவிகளின் வழியே நிகழ்ந்ததென ஸ்ரற்கவுண்டர் நிறுவனம் கணித்தது. மேசைக் கணனி இரண்டாமிடத்துக்கு இறங்கியது அதுவே முதன்முறை.

இவ்வளவு பெரிய மாற்றத்துக்குக் காரணம் யாது? கண்ணாடித் திரையைப் பலர் காட்டுவர். எம் கருத்தில், உள்ளேயிருக்கும் சில்லே மெய்யான காரணம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏகோர்ண் என்றொரு சிறு கணனி நிறுவனம் இருந்தது. அங்கே சோபி வில்சன், ஸ்ரீவ் பேர்பர் ஆகிய இருவரும் மிக எளிய அமைப்புடைய சில்லு ஒன்றைத் திட்டமிட்டனர். 1985 ஏப்ரலில் அது செய்துமுடிந்து வந்தது. அதிலிருந்த திரான்சிஸ்றர்கள் சுமார் 25,000. அதே ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 386 என்னும் சில்லில் 2 இலட்சத்து 75 ஆயிரம். சில்லு எவ்வளவு மின்சாரத்தை உட்கொள்கின்றதென்று அளக்க முயன்றபோது, மானியின் முள் பூச்சியத்தில் நின்றதாம். சில்லோ ஒழுங்காக வேலைசெய்து கொண்டிருந்தது! ஆராய்ந்து பார்த்ததில், அதற்குரிய மின்வழி இணைக்கப்பட்டிருக்கவேயில்லை. ஏனைய கம்பிகளின் வழியே கசிந்துவந்த சிறிதளவு மின்சாரமே அதற்குப் போதுமானதாயிருந்தது.

மிதமான உணவோடு நிறைய உழைக்கும் இவ்வினமே ஆர்ம் எனப் பெயர்பெற்றது. சட்டைப் பையிற் கிடக்கும் கருவிக்குக் காற்றாடி வைக்க இயலாது. சிறு பற்றரி ஒன்றே அதன் உணவு. ஆகவே கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் ஆர்ம் வழியிற் சென்றன. ஐபோனுக்குச் சில்லு செய்து கொடுக்கும் வாய்ப்பு முதலில் இன்ரெல்லைத் தேடி வந்ததென்றும், கொடுபட இருந்த விலை கட்டுப்படியாகாதென எண்ணித் தாம் கைவிட்டதாகவும், விற்பனை எவரும் நினைத்ததைப்போல் நூறு மடங்காகிவிட்டதென்றும், அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த போல் ஒட்டெலினி 2013 இல் ஒப்புக்கொண்டார். பெரியவர்களும் கணக்கிற் பிழைவிடுவதுண்டு.

அப்படியாயின் மேசைக் கணனி மாண்டதா? இல்லை. 2020 இல் கொள்ளைநோய் உலகை வீட்டுக்குள் அடைத்தபோது, வீட்டிலிருந்தே உத்தியோகம் பார்க்கவும் படிக்கவும் நேர்ந்தவர்கள் மறுபடியும் கணனியைத் தேடினர்; அதன் விற்பனை உயர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் அப்பிள் நிறுவனம் தன் மடிக்கணனிகளில் இன்ரெல் சில்லை நீக்கி, தொலைபேசியின் இனத்தைச் சேர்ந்த சில்லைப் புகுத்தத் தொடங்கியது. நமது நாட்டிலோ கதை வேறு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அக்காலத்தில் வாய்த்தது தாயினதோ தந்தையினதோ தொலைபேசி ஒன்றே. மலைப்பகுதிக் கிராமங்களில் சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் பாறைமீதும் மரத்தின்மீதும் ஏறியிருந்த படங்களை 2021 இல் நாம் பார்த்தோம். அந்தச் சிறு கருவியும் இல்லாதிருந்தால், அப்பிள்ளைகளுக்கு வகுப்பே இருந்திராது.

தமிழுக்கும் கைத்தொலைபேசி செய்த உபகாரம் பெரிது. கணனியிலே தமிழ் எழுதுவதற்குப் பாமினி எழுத்துருவோடும் தட்டச்சு முறையோடும் நாம் பட்ட பாடு கொஞ்சமன்று. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் ஆக்கிய செல்லினம் 2005 இலேயே கைத்தொலைபேசியிற் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி திறந்தது. இன்று எழுபது வயதுப் பாட்டியும் கனடாவிலுள்ள பேரனுக்குத் தமிழிற் செய்தி அனுப்புகின்றார். அவர் கணனியின் முன்னே ஒருநாளும் அமர்ந்தவரல்லர்.

இனி அந்த மாணவியின் வழக்குக்கு வருவோம். தொலைபேசியில் இரு பெருவிரல்களாலும் தானெழுதிய நான்கு பக்கக் கட்டுரையை அவள் எமக்குக் காட்டினாள். பிழை மிகக் குறைவு. வேகமோ எம்மால் இயலாதது. பின்னர், வகுப்பு மாணவர் முப்பது பேரின் பன்னிரண்டு பாடத் தவணைப் புள்ளிகளை ஓர் அட்டவணையாக்கிச் சராசரி காணுமாறு கேட்டோம். அரைமணி நேரம் திரையை நகர்த்திப் பெருப்பித்துச் சிறுப்பித்துக் களைத்துப்போனாள். எந்தக் கோவையை எங்கே சேமித்தாய் என்றதற்கு, "அது போனுக்குள்ளைதான் கிடக்கும், சேர்" என்றாள். இது அவளுடைய குற்றமன்று. தொலைபேசி கோவைகளைப் பெரும்பாலும் கண்ணுக்கு மறைத்தே வைக்கின்றது. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் பேசுவதற்கும் அதனை வெல்ல ஒன்றில்லை. ஒன்றை ஆக்குவதற்கு, அதிலும் பல தாள்களை அருகருகே வைத்து ஒப்பிட்டு ஆக்குவதற்கு, அகன்ற திரையும் விசைப்பலகையும் வேண்டியிருக்கின்றன. அவள் விரும்பும் செயலிகளை எழுதியவர்கள்கூட அநேகமாகக் கணனியின் முன்னே அமர்ந்தே எழுதியிருப்பார்கள். இதனைக் கூறியதும் அவள் சற்று யோசித்தாள்.

புதியது வேண்டியதில்லை, நல்ல நிலையிலுள்ள பாவித்த மடிக்கணனி ஒன்று போதுமென்றும், அதுவும் இயலாதவிடத்துத் தொலைபேசியோடு இணைக்கக்கூடிய சிறு விசைப்பலகை ஒன்றிலாவது பழகட்டுமென்றும் தகப்பனாருக்குச் சொன்னோம். சித்திரையில் சீட்டு எடுத்ததும் பார்க்கலாம் என்றார். படலையடியில் நின்றபடியே மகள் தன் தொலைபேசியிற் பாவித்த மடிக்கணனிகளின் விலையைத் தேடத் தொடங்கிவிட்டாள்.