பழைய பிக்கப் லாரிகளும் இருக்கை வார்களும்



பழைய வாகனங்களைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, மீண்டும் சாலையில் ஓடவிட்டு மகிழ்வோர் உலகெங்கும் இருக்கின்றனர். அமெரிக்காவில் இவர்கள் தொகை மிகுதி. 1950, 1960-ஆம் ஆண்டுகளில் அங்கே பண்ணைகளில் வைக்கோல் சுமந்தும் கடைகளுக்குப் பலகை ஏற்றியும் உழைத்த ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் பிக்கப் லாரிகள் இன்று வீட்டுச் செல்லப் பிள்ளைகள் ஆகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தா வண்டியை வெளியில் எடுப்பார். பேரப்பிள்ளைகள் முன்னிருக்கையில் ஏறி அமர்வார்கள். அந்த நீண்ட ஒற்றை இருக்கையில் அவர்களைப் பிடித்து நிறுத்த என்ன இருக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தோட்டத்து லாரியின் பின்புறம் நின்றுகொண்டே பயணம் செய்த பெற்றோரின் பிள்ளைகள் நாம். ஆகவே, "இருக்கை வார் இல்லாமலேயே இத்தனை காலம் ஓடவில்லையா?" என்ற கேள்வி நமக்குப் புதியதன்று. அதற்கு விடை சொல்ல, ஆறாம் ஆண்டு மாணவனும் போடக்கூடிய ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதாவது, ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். வண்டி எதன்மீதோ மோதி நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவர் உடனே நின்றுவிடுவதில்லை. அவர் அதே 14 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறார். இந்த வேகம், ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, கீழே விழுபவர் தரையைத் தொடும்போது பெறுகின்ற வேகத்துக்குச் சமம். 60 கிலோ எடையுள்ள ஒருவரை அரை மீட்டர் தொலைவுக்குள் மெல்லத் தடுத்து நிறுத்தினால், அவர்மீது ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடை அழுத்துவதற்கு ஒப்பான விசை ஏற்படும். அது கடுமைதான், ஆனாலும் இடுப்பெலும்பும் மார்புக் கூடும் அதைப் பகிர்ந்து தாங்கினால் பிழைக்கலாம். அதே ஆளை இரும்பு முன்பலகை ஐந்து சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் விசை பத்து மடங்காகும். அதையும் நெற்றியோ நெஞ்சோ தனியாக வாங்க வேண்டும். இருக்கை வாரின் வேலை ஆளைக் கட்டிப்போடுவது என்று பலர் எண்ணுகின்றனர். நிற்பதற்கு அவருக்குச் சற்றுத் தொலைவும் நேரமும் வாங்கிக் கொடுப்பதே அதன் வேலை.

இனி வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்காவில் 1949-இல் நாஷ் நிறுவனம் தன் கார்களில் விரும்புவோர்க்கு இடைவார் பொருத்தித் தந்தது. 1956-இல் ஃபோர்டு நிறுவனமும், கூடுதல் காசு கொடுப்போர்க்கு அதை விற்றது. சுவீடனில் நில்ஸ் போலின் என்னும் பொறியாளர், போர் விமானங்களிலிருந்து விமானியை இருக்கையோடு வெளியே வீசும் கருவியில் பணியாற்றிய பிறகு, வோல்வோ நிறுவனத்தில் சேர்ந்து, இடுப்பையும் தோளையும் ஒரே வாரால் மூன்று இடங்களில் பிணைக்கும் அமைப்பை உருவாக்கினார். 1959-இல் அது வோல்வோ கார்களில் வந்தது. அந்த உரிமத்தை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ இடம் தந்தது. வணிக உலகில் அடிக்கடி கேள்விப்படாத செய்தி இது!

பிக்கப் லாரிகளுக்கு இந்த நன்மை மெதுவாகவே வந்து சேர்ந்தது. வாகனப் பாதுகாப்புச் சட்டம் அமெரிக்காவில் 1966-இல் நிறைவேறியது. அதன்படி 1968 தொடக்கத்தில் கார்களுக்கு இருக்கை வார் கட்டாயமாயிற்று. லாரி வகைகளை அந்த விதி எட்டியது 1971 ஜூலையில்தான். அப்போதும் இடுப்பைச் சுற்றும் இடைவார் இருந்தாலே போதும் என்று விடப்பட்டது. லாரி என்றால் உழைக்கும் கருவி, கார் என்றால் குடும்பம் ஏறும் ஊர்தி என்று அன்று வேறுபடுத்தி எண்ணினர் போலும். உழைப்பவருக்கும் குடும்பம் உண்டு என்பதை எண்ணினார்களா என்பது நமக்குத் தோன்றும் ஐயம். நம் நாட்டில் முன்னிருக்கையில் வார் அணிவது 1979-இல் கட்டாயமாயிற்று. பின்னிருக்கைக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே, பழைய பிக்கப் ஒன்றை வாங்குபவர் மூன்று நிலைகளில் ஒன்றைச் சந்திக்கிறார். வண்டியில் வாரே இருக்காது. அல்லது தொழிற்சாலையில் பொருத்திய பழைய இடைவார் இருக்கும். அல்லது இடையில் யாரோ மாட்டிய ஏதோ ஒன்று இருக்கும். மூன்றாவது நிலைதான் நம்மை மிகவும் கவலைப்பட வைப்பது. இருப்பதுபோல் தோன்றி, வேளைக்கு உதவாத பொருளை நம்பி ஒருவர் வேகமாக ஓட்டுவார் அல்லவா?

முதலில் பழைய அசல் வாரை எடுத்துக்கொள்வோம். பளபளக்கும் பூட்டு, நிறுவனத்தின் சின்னம், நெய்யப்பட்ட நாடாவில் தைத்த சிறு சீட்டு. இவற்றின்மீது ஆர்வலர்களுக்கு அளவற்ற பற்று. அந்தச் சீட்டில் செய்தவர் பெயரும், மாதிரியும், செய்த ஆண்டும் இருக்கவேண்டும் என்பது அமெரிக்க விதி. கண்காட்சிகளில் நடுவர்கள் குனிந்து பார்க்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் நாடா செயற்கை இழையால் ஆனது. வெயில் அதன் பகைவன். புதிய இடைவார் நாடா ஏறத்தாழ 2,700 கிலோ இழுவையைத் தாங்கவேண்டும் என்று விதி கூறுகிறது. ஆய்வுக்கூடத்தில் குறிப்பிட்ட நேரம் ஒளியில் வைத்த பின்னரும் முன்பிருந்த வலிமையில் 60 விழுக்காடு எஞ்சவேண்டும் என்கிறது. இது புதிய நாடாவுக்கு வைத்த தேர்வு. ஐம்பது கோடைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் கழித்த நாடாவுக்கு எவரும் அத்தகைய உறுதி தரவில்லை. நிறம் வெளுத்தல், ஓரங்கள் பஞ்சாய்ப் பிரிதல், தையல் நூல் அறுதல், தொட்டால் அட்டைபோல் விறைப்பாயிருத்தல் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். கண்ணுக்குத் தெரியாமலும் வலிமை குறைந்திருக்கும். அழுக்கைப் போக்க வெளுப்பு நீர் ஊற்றுவோரும், நிறம் மங்கிவிட்டது என்று சாயம் தோய்ப்போரும் உள்ளனர். இரண்டுமே இழையைக் கெடுக்கக்கூடியவை. இளஞ்சூட்டு நீரும் மென்மையான சவர்க்காரமும் போதும். ஒருமுறை விபத்தில் இழுபட்ட வார் எவ்வளவு புதிதானாலும் கழற்றி எறியவேண்டியதே. நீண்ட இழை மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாது.

அப்படியானால் அசல் தோற்றத்தை இழக்கவேண்டுமா? வேண்டியதில்லை. பழைய பூட்டையும் உலோக உறுப்புகளையும் வைத்துக்கொண்டு நாடாவை மட்டும் புதிதாக மாற்றித் தைத்துத் தரும் பட்டறைகள் அமெரிக்காவில் உள்ளன. அந்தத் தையல் வலிமையான நூலில், அதற்கென அமைந்த இயந்திரத்தில் போடப்படுவது. வீட்டுத் தையல் இயந்திரத்தில் செய்யும் வேலை அன்று. பூட்டின் உள்ளே உள்ள சுருள்வில்லும் பல்லும் தேய்ந்துள்ளனவா என்பதையும் அவர்கள் பார்க்கவேண்டும். ஒரு செய்தியை மட்டும் நாம் ஏற்க இயலவில்லை. புதிய நாடாவில் பழைய ஆண்டு அச்சிட்ட சீட்டைத் தைக்கும் வழக்கமும் உண்டு. கண்காட்சியில் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் நாளை அந்த வண்டியை வாங்குபவர் அச்சீட்டைப் பார்த்து எது புதியது, எது பழையது என்று எவ்வாறு அறிவார்? மருந்துப் புட்டியில் தேதியை மாற்றி ஒட்டுவதற்கும் இதற்கும் நமக்கு வேறுபாடு தெரியவில்லை.

வாரே இல்லாத வண்டியில் புதிதாகப் பொருத்துவது இன்னும் நுட்பமான வேலை. வார் எவ்வளவு உறுதியாயிருந்தாலும், அதைப் பிணைத்த தகடு கிழிந்தால் பயனில்லை. இடைவாரின் பிணைப்பு ஏறத்தாழ 2,270 கிலோ இழுவையைத் தாங்கவேண்டும் என்பது அமெரிக்க விதி. பழைய பிக்கப்பின் தரையோ மெல்லிய தகடு. அதிலும் ஓட்டுநர் அறையின் பின் மூலைகளும் கதவுக்கு அடியில் ஓடும் விளிம்பும் துருவுக்கு மிகவும் பிடித்த இடங்கள். வெறும் துளையிட்டுச் சாதாரண வாஷர் வைத்து முடுக்கினால், மோதும்போது போல்ட்டு வாஷரோடு தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே தகட்டின் அடிப்புறத்தில் அகன்ற, கனமான எஃகுப் பலகை வைத்து விசையைப் பரப்பவேண்டும். துருப்பிடித்த பகுதியை முதலில் வெட்டி எடுத்து, நல்ல தகடு பற்றவைத்த பிறகே இதைச் செய்யவேண்டும். போல்ட்டும் கையில் அகப்பட்டது போதாது. இதற்கென்று வழங்குவது 7/16 அங்குலக் கனமும் அங்குலத்துக்கு 20 புரியும் கொண்ட உயர்வலிமைப் போல்ட்டு.

இருக்கைச் சட்டத்திலேயே வாரைக் கட்டிவிடலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. பழைய இருக்கை சில சிறு போல்ட்டுகளில் நிற்பது. ஆளோடு சேர்ந்து அதுவும் பறந்துவிடும். வேறு சிலர், வண்டியின் அடிச்சட்டம்தான் உறுதியானது என்று எண்ணி, தரையில் துளைவிட்டு வாரை அதில் பிணைப்பர். கேட்பதற்கு அறிவார்ந்த யோசனைபோல் தோன்றும். ஆனால் பிக்கப்பில் ஓட்டுநர் அறை தனி, அடிச்சட்டம் தனி. இடையில் ரப்பர் வைத்துச் சில போல்ட்டுகளால் இணைத்திருப்பர். பெரிய மோதலில் அறை சட்டத்தைவிட்டு நகரக்கூடும். அப்போது இருக்கை அறையோடு முன்னே போகும், வார் சட்டத்தோடு பின்னே நிற்கும். இடையில் நசுங்குவது மனிதர். எனவே இருக்கையும் வாரும் ஒரே கூட்டில் பிணைந்திருக்கவேண்டும்.

துளையிடும் முன் இன்னொரு செய்தி. அக்காலப் பிக்கப்புகள் பலவற்றில் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் அறைக்குள்ளேயே, இருக்கையின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. 1972 வரை வந்த ஃபோர்டு, செவர்லே வண்டிகளில் இதைக் காணலாம். பின்சுவர் அருகே துளைக் கருவியைப் பிடிப்பவர் தொட்டியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டே வேலையைத் தொடங்கவேண்டும்.

தோள் வார் சேர்க்க விரும்புவோர் கூடுதலாக எண்ணவேண்டியவை உண்டு. இடைவார் மட்டும் அணிந்தவரின் இடுப்பு நிற்கும். மேலுடல் மடங்கித் தலை முன்பலகையிலோ ஸ்டியரிங்கிலோ மோதும். ஆகவே தோள் வார் நல்லதே. ஆனால் அதன் மேல்நுனி கதவுத் தூணில், தோள் உயரத்திலோ அதற்குச் சற்று மேலோ நிற்கவேண்டும். தோளுக்குக் கீழே, இருக்கைக்குப் பின்னால் தரையில் கட்டினால், மோதும்போது வார் தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை நசுக்கும். தூணும் உள்ளே வெற்றிடமான மெல்லிய தகடுதான். அதற்குள்ளும் எஃகுப் பலகை பற்றவைக்க வேண்டும். இந்த வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே முறை.

புதிய வார்களில் தானே சுருளும் பெட்டி ஒன்று உண்டு. அதன் உள்ளே சிறு ஊசல் அல்லது குண்டு இருக்கும். வண்டி திடீரென வேகம் இழந்தால் ஊசல் சாய்ந்து பற்சக்கரத்தைப் பூட்டும். கடிகார ஊசலைப்போல் இதுவும் நேராகத் தொங்கினால்தான் சரியாக இயங்கும். பெட்டியைச் சாய்வாக மாட்டிவிட்டு, "வார் வெளியே வரவே மாட்டேன் என்கிறது" என்று கடைக்காரரை நொந்துகொள்வோர் பலர். வாங்கும்போதே எந்தக் கோணத்தில் மாட்டுவதற்கு உரியது என்று பார்த்து வாங்கவேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்றால், அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணிப்பை நினைவில் கொள்ளலாம். இடையும் தோளும் சேர்ந்த வார், கார்களின் முன்னிருக்கையில் உயிரிழக்கும் வாய்ப்பை 45 விழுக்காடு குறைக்கிறது. பிக்கப் போன்ற சிறு லாரிகளில் 60 விழுக்காடு. லாரி உயரமானது, உருள்வது எளிது. உருளும்போது வெளியே வீசப்படுவதே பெரும்பாலும் உயிரைக் குடிக்கிறது. வார் அதைத் தடுக்கிறது. இந்தக் கணக்கு, முறையாகப் பொருத்திய புதிய வண்டிகளைப் பார்த்துச் சொன்னது என்பதையும் மறக்கவேண்டாம்.

பேரப்பிள்ளைகளின் செய்தி எஞ்சியுள்ளது. பெரியவருக்குப் பொருந்தும் இடைவார் சிறு குழந்தையின் இடுப்பெலும்பில் நில்லாமல் வயிற்றுக்கு ஏறிவிடும்; மோதலில் குடலையே அறுக்கும். குழந்தை இருக்கையைப் பழைய வண்டியில் கட்டமுடியுமா என்பது அந்த இருக்கையின் கையேட்டைப் பொறுத்தது. இடைவார் மட்டும் போதும் என்று கையேடு சொல்கின்ற வகைகளும் உண்டு, தோள் வாரும் தேவை என்பவையும் உண்டு. மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பது எக்காலத்திலும் ஆகாது. மேலே போட்ட கணக்கையே மீண்டும் பாருங்கள்: 10 கிலோ எடையுள்ள குழந்தை, அதே வேகத்தில், அரை மீட்டருக்குள் நிற்கவேண்டுமானால், தாத்தாவின் இரு கைகளும் ஏறக்குறைய 200 கிலோவைப் பிடித்து நிறுத்தவேண்டும்.