படையணியில் வாத்தியக்காரர்



அரச விழாக்களின்போது படைகள் அணிவகுத்துச் செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். துப்பாக்கி ஏந்திய வீரருக்கு முன்னால், பித்தளைக் கருவிகள் வெயிலிற் பளபளக்க, மேளங்கள் முழங்க, வாத்தியக்குழு ஒன்று நடந்து செல்லும். சிறுவர்கள் அதன் பின்னே ஓடுவார்கள். முதியோரின் கால்களும் தம்மை அறியாமலே தாளம் போடும். ஆயினும் குழு கடந்து சென்ற பின்னர், அக்கருவிகளை வாசித்தவர்கள் யார், அவர்களுடைய தொழில் எத்தகையது என்று சிந்திப்போர் சிலரே. அவர்கள் இசைவாணரா, போர்வீரரா? விழா நாட்களில் மட்டும் உழைத்து மற்றைய நாட்களில் ஓய்ந்திருப்பவரா? இத்தொழிலை நெடுங்காலமாக ஒழுங்குபடுத்தி வளர்த்துவந்த நாடுகளுள் பிரித்தானியா ஒன்று. அந்நாட்டின் படைவாத்தியக்காரரை, சிறப்பாகக் கடற்படையோடு சேர்ந்த றோயல் மரீன் வாத்தியப் பிரிவினரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இக்கேள்விகளுக்கு விடை காண முயல்வோம்.

படையில் இசை புகுந்தது செவிக்கு இன்பம் தருவதற்காக மட்டும் அன்று; கட்டளையைக் கொண்டு செல்வதற்காகவும் ஆகும். ஆயிரம் பேர் பொருதும் களத்திலே தளபதியின் குரல் எட்டாது. மேளத்தின் ஓசை எட்டும். பண்டைத் தமிழ் வேந்தரின் முரசுக்கு இருந்த மதிப்பை நாம் அறிவோம். முரசு வைக்கும் கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனார் என்னும் புலவரைச் சேர மன்னன் தண்டியாது, விசிறி கொண்டு வீசி நின்றான் என்பது புறநானூறு கூறும் செய்தி. அக்கட்டிலில் ஏறுவதே தண்டனைக்குரிய செயலாகக் கருதப்பட்டது என்றால், முரசை வெறும் இசைக்கருவியாக எவரும் எண்ணவில்லை என்பது தெளிவு. ஐரோப்பாவிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. காலாட்படைக்கு மேளமும், குதிரைப்படைக்கு எக்காளமும் கட்டளைக் கருவிகளாய் இருந்தன. துயில் எழுதல், உணவு உண்ணல், விளக்கணைத்தல் ஆகிய யாவற்றுக்கும் தனித்தனி ஊதல் உண்டு.

பின்னர் துருக்கியரின் படைவாத்தியத்தைக் கேட்டு வியந்த ஐரோப்பியர், 18ஆம் நூற்றாண்டிலே பெருமேளத்தையும் பெருந்தாளத்தையும் தம் படைகளிற் சேர்த்துக்கொண்டனர். அக்காலத்து எக்காளம் இயற்கையாக எழும் சில சுரங்களை மாத்திரமே ஒலிக்க வல்லது. 1818ஆம் ஆண்டில் ஜேர்மானியர் இருவர் வால்வு என்னும் அடைப்பு முறைக்குக் காப்புரிமை பெற்றனர். விரலால் அழுத்தியதும் குழலின் நீளம் மாறுகிறது. நீளம் மாறச் சுரமும் மாறுகிறது. இவ்வமைப்பினால் பித்தளைக் கருவிகள் எல்லாச் சுரங்களையும் வாசிக்கும் ஆற்றல் பெற்றன. திறந்த வெளியில், நடந்துகொண்டே, முழுமையான இசையை வாசிப்பது இதனால் எளிதாயிற்று.

கருவிகள் வளர்ந்தனவேயன்றி ஒழுங்கு உடன் வளரவில்லை. பிரித்தானியத் தரைப்படையில் ஒவ்வொரு பட்டாளமும் தன் விருப்பப்படி வாத்தியத் தலைவர்களை அமர்த்திக்கொண்டது. அவர்களுட் பலர் படையைச் சேராத வெளியார். 1854ஆம் ஆண்டிலே, கிரைமியப் போரின்போது, துருக்கி நாட்டின் ஸ்கூற்றாரி என்னுமிடத்தில் விக்ரோறியா மகாராணியின் பிறந்தநாள் அணிவகுப்பு நிகழ்ந்தது. அங்கே கூடியிருந்த வாத்தியக்குழுக்கள் தேசிய கீதத்தை வெவ்வேறு சுருதியில் வெவ்வேறு விதமாக வாசித்தன என்றும், அதனால் எழுந்த அலங்கோலம் அதிகாரிகளைத் தலைகுனியச் செய்தது என்றும் சொல்லப்படுகிறது. 1857ஆம் ஆண்டிலே, இலண்டன் மாநகரை அடுத்த நெல்லர் ஹோல் என்னும் மாளிகையிலே படைவாத்தியக் கல்லூரி நிறுவப்பட்டது. 2021ஆம் ஆண்டுவரை அம்மாளிகையிலே தலைமுறை தலைமுறையாக வாத்தியக்காரரை அது பயிற்றியது.

றோயல் மரீன் பிரிவினருக்கெனத் தனி இசைக்கல்லூரி உண்டு. கென்ற் மாகாணத்தின் கரையோரப் பட்டினமாகிய டீலில் நெடுங்காலம் இயங்கிய அக்கல்லூரி, 1996ஆம் ஆண்டில் போட்ஸ்மத் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே அதற்குக் கிடைத்த கட்டடம் முன்னாளிற் கடற்படையின் சிறைக்கூடம். குற்றம் புரிந்த மாலுமிகள் அடைபட்டிருந்த சிற்றறைகளிலே இன்று மாணவர் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்கின்றனர். 1992ஆம் ஆண்டு தொடக்கம் பெண்களும் இப்பிரிவிற் சேர்க்கப்படுகின்றனர்.

இவர்களுடைய அன்றாட வேலை பார்ப்பதற்கு எளிதாய்த் தோன்றும், செய்வதற்கு எளிதன்று. கச்சேரி மேடையில் அமர்ந்திருக்கும் வித்துவானுக்கு மூச்சு ஒன்றே கவலை. படைவாத்தியக்காரருக்கோ மூச்சு, நடை, வரிசை, பார்வை என்னும் நான்கும் கவலை. நிமிஷத்துக்கு ஏறத்தாழ 120 அடி வைத்து நடக்க வேண்டும். அவ்வடியின் அதிர்ச்சி உதட்டில் வைத்த கருவியை அசைத்துவிடக் கூடாது. முன்னே செல்லும் மேளத் தலைவரின் நீண்ட கோல் உயர்வதையும் தாழ்வதையும் கண்டு திரும்பவும் நிற்கவும் வேண்டும். வலமும் இடமும் உள்ள தோழரோடு ஒரே நேர்கோட்டில் இருக்கவும் வேண்டும். மழை பெய்தாலும் குளிர் வாட்டினாலும் இசை நிற்காது. காலையில் மைதானத்தில் நடைப்பாட்டு வாசித்தவரே மாலையில் உடை மாற்றி, மண்டபத்தில் அமர்ந்து உயர்ந்த சங்கீதத்தை வாசிக்கவும் கூடும். நிலையான சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள உத்தியோகம் இது என்பது உண்மை. இசையை மட்டும் நம்பி வாழ்வோருட் பலருக்குக் கிட்டாத பாதுகாப்பு அது. ஆனால் அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு. படைக்கு வேறு தேவை வரும்போது, வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தேவைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் உலக மகா யுத்த காலத்திலே பெரிய போர்க்கப்பல்களில் இவ்வாத்தியக்காரர் இருந்தனர். துறைமுகத்தில் இசை வழங்கிய இவர்கள், போர் மூண்டதும் கப்பலின் அடித்தட்டில், நீர்மட்டத்துக்கும் கீழே அமைந்த ஓர் அறைக்குள் இறங்கினர். பீரங்கிகளுக்கு இலக்குக் கணிக்கும் அறை அது. பகைக்கப்பல் இருக்கும் தூரம், திசை, அதன் வேகம், தம் கப்பலின் வேகம், காற்றின் போக்கு ஆகிய விபரங்கள் அவ்வறையிலுள்ள கணிப்புப் பொறிக்கு வந்து சேரும். அப்பொறியைச் சூழ நின்றவர்கள், முள் ஒன்று அசையும்போது மற்றொரு முள் அதனை இம்மியும் பிசகாது பின்தொடருமாறு கைச்சில்லுகளைச் சுழற்றுவர். கணித்த முடிவு மேலே பீரங்கிகளுக்குச் செல்லும்.

இவ்வேலை ஏன் வாத்தியக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது? கண் ஒன்றைப் பார்க்க, கை அதனைப் பின்பற்ற, செவி கட்டளையைக் கேட்க, தன் செயலைப் பிறர் செயலோடு இணைத்து நடத்துவதே வாத்தியக் குழுவின் பயிற்சி. பேரோசைக்கு நடுவிலும் எண்ணிக்கை தவறாதிருக்க அவர்கள் பழகியிருந்தனர். இசைக்கு வேண்டிய அதே பண்புகள் இப்பொறிக்கும் வேண்டப்பட்டன.

ஆனால் அவ்வறை கப்பலின் அடியில் இருந்தது. கப்பல் பிளந்தால் மேலே ஏறி வருதல் மிக அரிது. 1941ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் தேதி ஹூட் என்னும் பெருங்கப்பல் மூழ்கியபோது, அதில் இருந்த 1,418 பேருள் பிழைத்தவர் மூவர் மாத்திரமே. அம்மூவருள் வாத்தியக்காரர் ஒருவரும் இலர். யுத்தம் முடிவுற்றபோது, றோயல் மரீன் வாத்தியப் பிரிவில் 225 பேர் மாண்டிருந்தனர். அப்பிரிவினரில் ஏறக்குறையக் காற்பங்கு அது.

பின்னாளிலும் இவ்விரட்டைக் கடமை நீங்கவில்லை. 1982ஆம் ஆண்டு போக்லண்ட் தீவுப் போரின்போது, கன்பெரா என்னும் பயணிகள் கப்பலில் சென்ற வாத்தியக்காரர் காயமுற்றோரைச் சுமந்தனர். ஓய்ந்த வேளையில் வீரருக்கு இசை வழங்கினர். இன்றும் நோயாளரையும் காயமுற்றோரையும் பேணும் பணிக்கு இவர்கள் பயிற்றப்படுகின்றனர்.

போர்க்களத்துக்குச் செல்லாதபோதும் சீருடை அவர்களுக்கு ஆபத்தைக் கொண்டுவந்தது. 1982ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இலண்டன் பூங்கா ஒன்றின் வாத்திய மேடையிலே பொதுமக்களுக்காக வாசித்துக்கொண்டிருந்த தரைப்படை வாத்தியக்காரர் எழுவர், ஐரிஷ் குடியரசுப் படையினர் வைத்த குண்டினால் மாண்டனர். 1989ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 22ஆம் தேதி காலையிலே, டீல் இசைக்கல்லூரிப் பாசறையில் அதே இயக்கத்தார் வைத்த குண்டு வெடித்தது. பதினொரு வாத்தியக்காரர் உயிரிழந்தனர். ஒரு வாரம் கழிந்தது. எஞ்சியோர் தம் கருவிகளுடன் டீல் நகர வீதியில் அணிவகுத்து வந்தனர். மாண்டவரும் காயமுற்றவரும் நடக்க வேண்டிய இடங்களை அவர்கள் நிரப்பவில்லை. வரிசைகளில் ஆங்காங்கே ஒவ்வோர் ஆள் இடைவெளி இருந்தது. அவ்வெற்றிடங்களையும் உடன்கொண்டே குழு நடந்தது, நடை பிசகவில்லை. வீதியோரத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் நின்று பார்த்தனர்.

இசைக்கலைஞரை இத்தகைய ஆபத்துக்கு உட்படுத்துவது தகுமா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கத்தக்க கேள்வியே. போரில்லா உலகம் அமைந்தால் எக்காளம் விழாவுக்கு மாத்திரமே ஒலிக்கும். அத்தகைய உலகத்தை யார்தான் விரும்பார்? ஆனால் போர் உள்ள உலகத்திலே, சீருடை அணிந்தவருள் ஒரு பகுதியினர் மட்டும் ஆபத்துக்குப் புறம்பாக நிற்பது, மற்றவரின் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டிய அவர்களுக்கே ஒவ்வாததாகும். காயமுற்ற வீரனைத் தோளில் சுமந்தவன் அவனுக்காக வாசிக்கும் இறுதி இசைக்கு ஒரு தகுதி உண்டு. அத்தகுதியை அவன் விலை கொடுத்தே பெறுகிறான்.

பாடசாலைகளிலே இசைப் பயிற்சியைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் பெற்றோர் நம்மிடையே இன்னும் உளர். பரீட்சைக்கு உதவாத பாடத்தில் நேரம் ஏன் வீணாக வேண்டும் என்பது அவர்கள் வாதம். கூடி வாசிக்கப் பழகிய பிள்ளை, தன் முறை வரும்வரை பொறுத்திருக்கவும், பிறர் ஒலியைக் கேட்டுத் தன் ஒலியை அடக்கவும், இடரிலும் தாளம் தவறாதிருக்கவும் பழகுகிறது. போர்க்கப்பலின் இருண்ட அடித்தட்டில் அவ்வாத்தியக்காரருக்குக் கைகொடுத்தது இப்பழக்கமே. நம் பிள்ளைகளுக்கு அத்தகைய சோதனை வாராதிருக்கட்டும். ஆயினும் அப்பழக்கம் வாழ்வில் எவ்விடத்தும் பயன்படுவதே.