கயிறும் காற்றும்: நம் பள்ளிக் கணினி வலையமைப்பு

"டீச்சர், நான் எல்லாத்துக்கும் விடை போட்டேனே!"

ஒன்பதாம் வகுப்பு மாணவியின் கண்களில் நீர். கணினி ஆய்வகத்தில் நான் நடத்திய வினாடி வினாவில் அவளுக்குப் பூஜ்யம். கடைசி வரிசையில் இருந்த அவளது மடிக்கணினியிலிருந்து விடைகள் சர்வருக்கு வந்து சேரவே இல்லை. தவறு என்னுடையது. கேபிள் முனைகள் தூத்துக்குடி உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்ததால், 20 மடிக்கணினிகளையும் ஒரே வைஃபை கருவியில் இணைத்திருந்தேன்.

லேன் என்பது என்ன?

ஓர் அறைக்குள் அல்லது ஒரு வளாகத்துக்குள் இருக்கும் கணினிகளையும் பிரிண்டரையும் இணைப்பதே லேன் எனும் உள்ளூர் வலையமைப்பு. இணையம் வேறு, இது வேறு. இணையம் துண்டிக்கப்பட்டாலும் சர்வரில் சேமித்த பாடக் காணொலிகளை எல்லாக் கணினிகளிலும் பார்க்கலாம். 'நெட் இல்லை' என்று ஆய்வகத்தைப் பூட்ட வேண்டியதில்லை.

கம்பிவழி இணைப்பு

அந்நாளில் இக்கடலில் முத்துக் குளித்தவர் கயிற்றை அசைத்ததும், தோணியில் இருப்பவர் மேலே இழுப்பார். அவரவருக்குத் தனிக் கயிறு. ஒருவர் குறிப்பு மற்றவருடையதோடு கலக்காது. ஈதர்நெட் கேபிளும் அப்படித்தான். ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஒரு கேபிள் 'ஸ்விட்ச்' கருவிக்குச் செல்கிறது. கேபிளுக்குள் 8 செம்புக் கம்பிகள், 4 இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டருக்கு மிகக் கூடாது.

கம்பியில்லா இணைப்பு

இதை அம்மாணவியே விளக்கினாள்: "அப்பா படகுல வயர்லெஸ்ல பேசும்போது இன்னொருத்தரும் பேசினா ஒண்ணுமே கேக்காது டீச்சர்." வைஃபையிலும் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். பேசுமுன் கேட்கும், அமைதியாக இருந்தால் அனுப்பும், மோதினால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பும். கூட்டம் கூடினால் தாமதம். தொலைவு, சுவர், இரும்பு பீரோ ஆகியவை அலையை வலுவிழக்கச் செய்யும்.

இந்த யோசனை பிறந்ததும் கடல் நடுவே! 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே கணினிகளை வானொலி அலைகளால் இணைத்தனர். அதிலிருந்து குறிப்பெடுத்து, 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் ஈதர்நெட்டை உருவாக்கினார். வைஃபைக்கு அடிப்படையான தரநிலை 1997-இல் வெளியானது.

நாம் செய்ய வேண்டியவை

* தேர்வுக்கும் நிலையான கணினிகளுக்கும் கம்பி. இடம் மாறும் கருவிகளுக்கு வைஃபை.
* கடலோரப் பள்ளிகளில் பருவத்துக்கு ஒருமுறை கேபிள் முனைகளைப் பார்த்து, துருப்பிடித்தவற்றை மாற்றுங்கள்.
* மின்கம்பியை ஒட்டி கேபிளைக் கொண்டு செல்லாதீர்கள்.
* வைஃபைக்குக் கடவுச்சொல் கட்டாயம்.

முனைகளை மாற்றி, கம்பிவழியில் மீண்டும் வினாடி வினா நடத்தினேன். அவள் பெற்றது 20-க்கு 17. இப்போது வகுப்புக்கு முன் ஸ்விட்சில் எல்லா விளக்குகளும் எரிகின்றனவா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. ஒரு விளக்கு எரியவில்லை என்றால், ஒரு குழந்தையின் விடை வந்து சேராது என்பது அவளுக்குத் தெரியும்.