யாரை வீட்டுக்கு அனுப்பலாம்?

பெரம்பலூரிலோ அரியலூரிலோ அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் ஒருவருக்கு மாத்திரை தொடங்கினால், ஆறு மாதம் கழித்து அவர் பெயருக்கு எதிரே ஒரு முடிவு எழுதியாக வேண்டும். குணமடைந்தார், சிகிச்சையை முடித்தார், மருந்து பலனளிக்கவில்லை, பாதியில் நின்றுவிட்டார், இறந்தார், முடிவு தெரியவில்லை. உலகமெங்கும் இதே ஆறுதான். கடைசியில் எடுத்த சளியில் கிருமி இல்லை என்று உறுதியானால்தான் ‘குணமடைந்தார்’. மாத்திரையை முழுக்கச் சாப்பிட்டும் அந்தச் சோதனை நடக்கவில்லை என்றால் வெறும் ‘முடித்தார்’. சிகிச்சைக் காலத்தில் எந்தக் காரணத்தால் உயிர் போனாலும், சாலை விபத்தே ஆனாலும், ‘இறந்தார்’. இந்த ஐந்தாவது முடிவைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

காசநோய்க்கு மருந்து இருக்கிறது. அரசு அதை இலவசமாகத் தருகிறது. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாக இருந்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஏன் சிலர் சாகிறார்கள்? ஊரில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: “மாத்திரைய ஒழுங்காப் போடல, குடிய விடல, அதான்.” இறப்புகளை நாள்வாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்தப் பதில் நிற்பதில்லை. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி, சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. இரண்டாவது வாரத்தில் இறந்தவர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவராக இருக்க முடியாது. மருந்து வேலை செய்து முடிக்கும்வரை அவர் உடம்பு தாங்கவில்லை. பழியை அவர்மேல் போடுவது சுலபம். அப்படிப் போட்டுவிட்டால் அடுத்தவரைக் காப்பாற்றும் வழியும் அடைபட்டுவிடும்.

இதைப் புரிந்துகொள்ள 1956ஆம் ஆண்டுச் சென்னைக்குப் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசு ஆகியவை சேர்ந்து ஒரு காசநோய் ஆராய்ச்சி மையத்தை அங்கே தொடங்கின. இன்று அது சேத்துப்பட்டில் இயங்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்தில் சயரோகம் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ சொற்பம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறுபாதி நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்தது. இரு சாராருக்கும் ஐசோநயசிட், பி.ஏ.எஸ். என்ற அதே மருந்துகள், ஓர் ஆண்டு.

1959இல் வந்த முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது. ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கும், சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோதும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டதால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அதன்பின் நாடு நாடாகச் சானடோரியங்கள் மூடப்பட்டன. ஏழை நாடுகளில் வீட்டுச் சிகிச்சையே வழக்கமானது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய ஆராய்ச்சி அது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்தில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால்கூடத் தகும்.

ஆனால் அந்த ஆய்விலிருந்து உலகம் எடுத்துக்கொண்டது, ஆய்வு சொன்னதைவிட அதிகம். மாத்திரை போதும், சாப்பாடும் படுக்கையும் இரண்டாம்பட்சம் என்று மருத்துவ உலகம் பழகிவிட்டது. அதே ஆய்வில், நன்றாகச் சாப்பிட்ட சானடோரியக்காரர்களுக்குத்தான் எடை கூடுதலாக ஏறியது என்ற விவரம் பின்னுக்குப் போனது. சராசரி நோயாளிக்கு வீடு போதும் என்பது உண்மை. எழுந்து நிற்க முடியாதவரையும் மாத்திரைப் பட்டையைக் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிடலாம் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் 2022 ஏப்ரலில் மாநில அரசு தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ வருகிறது. ஆவடி அருகே இயங்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து வகுத்தது. சென்னை நீங்கலாகப் பெரம்பலூர், அரியலூர் உட்பட மாநிலமெங்கும் நடைமுறைக்கு வந்தது. இதில் புது மருந்தோ பெரிய கருவியோ கிடையாது. நோய் உறுதியானதும், முடிந்தால் அன்றே, சுகாதாரப் பணியாளர் சில விஷயங்களைப் பார்க்கிறார்.

முதலில் உயரம், எடை. விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி ஆக்ஸிஜன் அளவு. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார். குனிந்து, கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்கிறார். கடைசியாக, “எதையும் பிடிக்காம எழுந்து நில்லுங்க.” உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலும், 16 வரை இருந்து காலில் வீக்கம் இருந்தாலும், ஆக்ஸிஜன் 94க்குக் கீழே இறங்கினாலும், மூச்சு 24ஐத் தாண்டினாலும், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாவிட்டாலும் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. படுக்கை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பி, மருத்துவர் பார்த்து, சேர்க்க வேண்டும்.

பி.எம்.ஐ. 14 என்றால் எப்படி இருப்பார்? 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் சுமார் 36 கிலோ இருப்பார். அவர் இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடை 47 கிலோ. இப்படி வற்றிப்போன உடம்புக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு கொடுத்தாலே ரத்தத்தில் உப்புச் சத்துகள் தாறுமாறாகி உயிருக்கு ஆபத்து வரலாம். கொஞ்சம் கொஞ்சமாக, கண்காணிப்போடு கொடுக்க வேண்டும். வீட்டில் அதை யார் பார்ப்பார்கள்?

முதல் மூன்று மாதங்களின் கணக்கை ஆய்வாளர்கள் ஒளிவுமறைவின்றி வெளியிட்டார்கள். பதிவானவர்களில் 78 விழுக்காட்டினருக்குத்தான் இந்தச் சோதனை நடந்திருந்தது. சோதித்தவர்களில் 13 விழுக்காட்டினர் அபாய நிலையில் இருந்தார்கள். அவர்களிலும் நான்கில் ஒருவர் பெரிய மருத்துவமனையின் முழுப் பரிசோதனைக்குப் போய்ச் சேரவில்லை. தன் குறையைத் தானே எண்ணி வெளியில் சொல்லும் திட்டம்தான் திருந்தும். அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்த இடைவெளி சுருங்கியது. தருமபுரி, கரூர், விழுப்புரம் மாவட்டங்களில் இறப்பு விகிதம் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

அந்த நான்கில் ஒருவர் எங்கே நழுவுகிறார் என்பது நம் இரு மாவட்டங்களையும் அறிந்தவர்களுக்கு விளங்கும். திருச்சியிலிருந்து 1995இல் பெரம்பலூரும், பெரம்பலூரிலிருந்து 2007இல் அரியலூரும் தனி மாவட்டமாயின. ஆனாலும் ‘பெரிய ஆஸ்பத்திரி’ என்றால் திருச்சியும் தஞ்சாவூரும்தான் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் வந்தது. பெரம்பலூரில் இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. வேப்பந்தட்டைப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும், செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரியும், அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும். கூலிக்குப் போகிறவர் வேலை இருக்கும்வரை இருமலைத் தள்ளிப்போடுகிறார். வரும்போது எடை பாதியாகியிருக்கிறது. சேர்ந்துகொள்ளுங்கள் என்றால், கூட இருக்க ஆள் வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு கூலி போகும். நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த சத்துணவு உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாகியிருக்கிறது. நல்லதுதான். துணைக்கு வருபவரின் கூலிக்கு ஏதாவது வழி செய்தால், மறுக்கும் குடும்பங்கள் இன்னும் குறையும் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டின் பங்கை ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு கணக்கோடு காட்டிவிட்டது. மருத்துவர் அனுராக் பார்கவா தலைமையில் நடந்த அதில் சென்னையின் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்குண்டு. 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள்: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். 2023இல் முடிவு வந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவு. குடும்பத்தாருக்கும் உணவு கொடுத்த வீடுகளில், புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. ஆகவே மாத்திரை வாங்க வருபவரை ஒவ்வொரு முறையும் எடை மெஷினில் ஏற்றுவது சடங்கு ஆகிவிடக் கூடாது. எடை ஏறாமல் நிற்கிறது என்றால் சர்க்கரையா, குடியா, வீட்டில் அரிசி இல்லையா என்று அன்றே கேட்க வேண்டும்.

ஒரு பெரிய இடைவெளி பாக்கி. திட்டம் தொடங்கியபோது, அரசு மையங்களில் பதிவான பெரியவர்களைத்தான் எடுத்துக்கொண்டது. ஜெயங்கொண்டத்திலும் குன்னத்திலும் இருமலுக்கு முதலில் மருந்துக் கடைக்கும் தனியார் கிளினிக்குக்கும் போகிறவர்கள் ஏராளம். கொரோனாவுக்குப் பிறகு ஆக்ஸிமீட்டர் இல்லாத கிளினிக் அரிது. எடை மெஷின் எப்போதும் இருக்கிறது. காசநோய் என்று எழுதிக் கொடுக்கும் மருத்துவர், அதே இருக்கையில் இந்தச் சோதனைகளையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆக்ஸிஜன் 94க்குக் கீழே காட்டினால், மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பாமல், 108ஐ அழைத்து அன்றைக்கே அரசு மருத்துவமனையில் சேர்த்துவிடலாம்.