அல்வாவுக்கு ‘எஸ்’ உண்டா?

திருநெல்வேலிக்குப் போனால் அல்வா வாங்காமல் திரும்ப மனம் வராது. கடைக்காரர், "எத்தனை அல்வா?" என்று கேட்பதில்லை. "எவ்வளவு?" என்றுதான் கேட்பார். நாமும் "கால் கிலோ" என்போம். லட்டு என்றால் பேச்சே வேறு. அங்கே "எத்தனை?" என்ற கேள்வி வந்துவிடும்.

இந்தச் சின்ன வித்தியாசத்தில் இங்கிலீஷ் இலக்கணம் ஒன்று ஒளிந்திருக்கிறது!

ஒரு எழுத்தின் வேலை

பாளையங்கோட்டை கல்லூரிகள் நிறைந்த ஊர். ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று அதற்குப் பெயர். அங்கே படிக்க வரும் கிராமத்துப் பிள்ளைகளில், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்களும் உண்டு.

அப்படிப் படித்த ஒருவர் வேலைக்கு மனு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இன்பர்மேஷன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘இன்பர்மேஷன்ஸ்’ என்று எழுதிவிடுகிறார். பார்த்தவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, அப்புறம் அவர் இங்கிலீஷில் வாயே திறப்பதில்லை. ஒரே ஒரு எழுத்து, ஒருவருடைய துணிச்சலையே பறித்துவிடுகிறது!

எத்தனை? எவ்வளவு?

தமிழில் "எத்தனை மாடு?" என்கிறோம். "எவ்வளவு பால்?" என்கிறோம். எத்தனை என்றால் இங்கிலீஷில் ‘மெனி’. எவ்வளவு என்றால் ‘மச்’.

‘எவ்வளவு’ என்று கேட்கும் பொருளுக்குப் பின்னால் ‘எஸ்’ போடாதீர்கள். முன்னால் ‘எ’ போடாதீர்கள். ‘ஈஸ்’ என்று ஒருமையிலேயே முடியுங்கள். பாபநாசம் அணையில் எவ்வளவு தேங்கினாலும் அது ‘வாட்டர்’தான். வயலில் எவ்வளவு விளைந்தாலும் அது ‘ரைஸ்’தான்.

ஏமாற்றும் ஐந்து

இதுவரை சுலபம். ஆனால் சில சொற்கள் நம்மை ஏமாற்றிவிடும். நாம் "இரண்டு செய்தி" என்கிறோம். "நாலு யோசனை" என்கிறோம். தமிழில் இவற்றை எண்ணலாம். இங்கிலீஷில் எண்ணக்கூடாது!

பர்னிச்சர், லக்கேஜ், இன்பர்மேஷன், அட்வைஸ், நியூஸ்: முதலில் இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்யுங்கள். நியூஸ் என்பதன் கடைசியில் ‘எஸ்’ இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அதுவும் ஒருமைதான். ‘தி நியூஸ் ஈஸ் குட்’ என்பதே சரி.

எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. ஒரு தம்ளர் பால் என்கிறோம் அல்லவா? அதைப்போல ‘எ பீஸ் ஆப் அட்வைஸ்’, ‘டூ பீசஸ் ஆப் லக்கேஜ்’ என்று சொல்லுங்கள். ‘எஸ்’ பீசுக்குத்தான், லக்கேஜுக்கு அல்ல.

கொரியாவிலும் இதே கதை

அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் பாதிரியார் 1841-ல் நெல்லைச் சீமையின் இடையன்குடிக்கு வந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டார். நம் மொழிகளில் அஃறிணைப் பெயர்களுக்குப் பன்மை விகுதி சேர்ப்பது குறைவு என்பது அவர் கவனித்த விஷயங்களில் ஒன்று. உண்மைதானே? ‘பத்து மாடு’ என்றால் நமக்குப் போதும். ‘மாடுகள்’ என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

கொரிய மொழியிலும் பன்மை விகுதி கட்டாயம் இல்லை. ‘தண்ணீர் ஒரு தம்ளர்’ என்று நாம் சொல்லும் அதே வரிசையில் அவர்களும் சொல்கிறார்கள். ஆகவே இங்கிலீஷில் எங்கே ‘எஸ்’ போடுவது, எங்கே விடுவது என்ற குழப்பம் அவர்களுக்கும் உண்டு. பிரெஞ்சு மொழியிலோ தகவலுக்கும் பன்மை உண்டு, மேஜை நாற்காலிக்கும் பன்மை உண்டு! ஆகவே இது மொழிக்கு மொழி மாறும் வழக்கம். இதில் தவறுவது மூளைக் குறைவு அல்ல.

பெற்றோர்களே! பிள்ளை தவறாக எழுதினால் சிரிக்காதீர்கள். அந்த ஐந்து சொற்களையும் நினைவுபடுத்துங்கள். மற்றதற்கெல்லாம், "எத்தனையா, எவ்வளவா?" என்று கேளுங்கள். எவ்வளவு அட்வைஸ் வேண்டுமானாலும் கொடுங்கள். ‘எஸ்’ மட்டும் வேண்டாம்!