எட்டு மூடையின் பாரம் எங்கே போகிறது?

திருகோணமலையில் கப்பலிலிருந்து கரைக்கு வரும் பாரத்தை இயந்திரங்கள் தூக்குகின்றன. ஆனால் லொறியிலிருந்து களஞ்சியத்துக்கும், களஞ்சியத்திலிருந்து கடைக்கும் உள்ள கடைசி ஐம்பது மீற்றரைப் பெரும்பாலும் ஒரு தள்ளுவண்டியும் அதைத் தள்ளும் இரண்டு பேருமே கடக்கிறார்கள். கொட்பேயில் மீன்பெட்டி, சீனக்குடாப் பக்கம் மாவும் சீமெந்தும், நகரச் சந்தையில் அரிசி என்று சரக்கு மாறுமே தவிர வேலை மாறாது. அந்த வண்டி சரிந்து ஒருவரின் காலை நசுக்கினால், "கவனமில்லாமல் தள்ளினான்" என்று ஒரு பேச்சு எழும். "தலைவிதி" என்று இன்னொரு பேச்சு எழும். இரண்டு பேச்சும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: பொறுப்பை வேலைத்தளத்திலிருந்து அகற்றிவிடுகின்றன. வண்டி எப்போது சரியும், சக்கரம் எப்போது முறியும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். முன்கூட்டியே கணக்கிடக்கூடிய ஆபத்தைத் தடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை. தடுக்கத் தவறினால் நட்டஈடு கேட்பது தொழிலாளியின் உரிமை.

கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 50 கிலோ சீமெந்து மூடை எட்டு, வண்டியின் சொந்த எடை 50 கிலோ, மொத்தம் 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் அசையாமல் நிற்கும்போது நான்கு சக்கரமும் அதைப் பங்கிட்டுச் சுமக்கின்றன. ஒன்றுக்கு 112 கிலோவுக்குச் சற்று மேல். ஒவ்வொரு சக்கரமும் 180 கிலோ தாங்கும் என்றால், நான்கும் சேர்ந்து 720 கிலோ தாங்கும், பயமில்லை என்று தோன்றும். வேகம் மாறாதவரை அது உண்மை. வண்டி வேகம் கூடும்போதும் குறையும்போதும் பாரம் இடம்மாறுகிறது. லொறி புறப்படும்போது பின்சக்கரங்கள் மேலும் அழுந்துவதும், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் தாழ்வதும் இதனால்தான். எவ்வளவு பாரம் மாறும் என்பதை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன: வேகம் எவ்வளவு சடுதியாக மாறுகிறது, பாரத்தின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம்.

இனி அந்த வண்டியை விநாடிக்கு ஒன்றரை மீற்றர் வேகத்தில், அதாவது எட்டிநடக்கும் வேகத்தில், தள்ளிச் செல்கிறார்கள். முன்சக்கரங்கள் ஒரு கல்விளிம்பில் மோதி, வண்டி ஒரு சாண் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது. அந்தத் தடுப்பின் விசை, மூடைகளோடு சேர்ந்த வண்டியின் மொத்த எடையில் பாதியளவு. பாரத்தின் மையம் 80 சென்ரிமீற்றர் உயரத்திலும், சக்கரங்களுக்கு இடையேயான தூரம் ஒரு மீற்றராகவும் இருந்தால், 180 கிலோ பாரம் பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்குப் பாய்கிறது. பின்சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்து மிஞ்சுவது 45 கிலோ; அவை தரையைவிட்டு எழும்பும் நிலைக்கு நெருங்கிவிட்டன. முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் 202 கிலோவுக்குச் சற்று மேல். 180 கிலோவுக்கென்று செய்த சக்கரம் முறியக்கூடியது அந்தக் கணத்தில்தான். தள்ளியவர் செய்ததெல்லாம் எட்டிநடந்தது மட்டுமே.

இதைக் கேட்கும் முதலாளி, "மூடையைக் குறைத்தால் நடை கூடும், கூலி கட்டாது" என்பார். நியாயமான கவலைதான். ஆனால் மூடையைக் குறைக்கச் சொல்லவில்லை இந்தக் கணக்கு. வண்டியின் தட்டை 30 சென்ரிமீற்றர் தாழ்த்தினால் பாரத்தின் மையம் 50 சென்ரிமீற்றருக்கு இறங்கும். அதே எட்டு மூடை, அதே கல், அதே நிறுத்தம். ஆனால் முன்சக்கரத்தில் 169 கிலோதான் ஏறும். சக்கரம் தாங்கும், பின்பக்கமும் தரையில் நிற்கும். தாழ்ந்த தட்டு, நீண்ட அடிச்சட்டம், மேடுபள்ளம் நிரவிய பாதை ஆகிய மூன்றும் ஒருமுறைச் செலவு. முறிந்த கால் ஒரு குடும்பத்துக்கு ஆயுள்காலச் செலவு.

"கவனக்குறைவுக்கு யார் நட்டஈடு கொடுப்பது?" என்பது அடுத்த எதிர்ப்பு. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. வேலையின்போது வேலையின் காரணமாக நேர்ந்த விபத்தென்றால், முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டிய தேவையில்லை. போதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல் போன்ற சில விலக்குகள் உண்டு. சாதாரணக் கவனப்பிசகு அவற்றில் சேராது. ஒப்பந்தக்காரர் ஊடாக வேலைக்கு எடுத்தாலும், தன் தொழிலுக்காக அந்த வேலையைச் செய்வித்த நிறுவனம் கைகழுவிவிட முடியாது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்சவரம்பை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளடக்கியது. நாட்கூலிக்காரரிடம் நியமனக் கடிதம் இல்லை என்பார்கள். கடிதம் இல்லாததால் மட்டும் உரிமை அழிந்துவிடாது. வேலை செய்ததற்கான சாட்சி கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவே.

அந்தச் சாட்சியம் விபத்து நடந்த அன்றே திரட்டப்பட வேண்டும், ஏனென்றால் முறிந்த வண்டி மறுநாளே பழைய இரும்புக்குப் போய்விடும். முதலில் 1990 அம்புலன்ஸ். பிறகு வண்டியையும் முறிந்த சக்கரத்தையும் தடுக்கிய இடத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். கூட நின்றவர்களின் பெயரைக் குறித்து, பொலிஸில் முறைப்பாட்டைப் பதியுங்கள். வைத்தியசாலை தரும் நோய்நிர்ணய அட்டையில் காயம் எப்படி நேர்ந்தது என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். நட்டஈட்டுக் கோரிக்கை வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்குப் போக வேண்டும். வழிகாட்டத் தொழில் திணைக்கள அலுவலகம் இருக்கிறது, சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். சில ஆயிரம் ரூபாயை நீட்டி ஒரு கடதாசியில் கையெழுத்துக் கேட்டால், ஆலோசனை பெறும்வரை போடாதீர்கள்.

விபத்துக்கு முன்னரும் ஒரு வேலை இருக்கிறது. தட்டின் உயரம், சக்கரங்களுக்கு இடையேயான தூரம், ஏற்றும் மூடைகளின் எண்ணிக்கை, ஒரு சக்கரம் தாங்கும் எடை: இந்த நான்கு இலக்கங்களை ஒவ்வொரு வண்டியின் பக்கத்திலும் பெயின்றில் எழுதிவைக்கும்படி தொழிலாளர்கள் சேர்ந்து கேட்க வேண்டும். எழுதிய இலக்கம் அங்கே நிற்கும்வரை, அதற்குமேல் ஏற்றச் சொன்னவர் யார் என்ற கேள்வியும் அங்கேயே நிற்கும்.