முதல் தீம் பார்க் பயணம்: ஓட வேண்டாம், ஆற அமரப் போகலாம்!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

பள்ளி விடுமுறை நெருங்கினாலே பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அப்பா, இந்த முறையாவது தீம் பார்க் போகலாமா?" பத்து காவான் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோருக்கு ஒரே நேரத்தில் விடுப்பு கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் என்ன ஆகும்? சின்னவன் அழுவான், பாட்டிக்கு முட்டி வலிக்கும், சேர்த்து வைத்த பணம் மனக்கசப்பில் கரையும்.

முதலில், எங்கே போவது? ஜொகூரில் 2012-இல் திறக்கப்பட்ட லெகோலேண்ட் இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. முதல் பயணத்திற்கு அது அதிகம். நம் பினாங்கிலேயே தெலுக் பஹாங்கில் எஸ்கேப் பூங்கா உள்ளது. ஆனால் கயிற்றில் தொங்குவது, உயரம் ஏறுவது என்று அது வளர்ந்த பிள்ளைகளுக்கே அதிகம் பொருந்தும். மூன்று தலைமுறையும் சேர்ந்து போவதென்றால், ஈப்போ தம்பூனில் 2004-இல் திறக்கப்பட்ட லாஸ்ட் வேர்ல்ட் ஏற்றது. சுண்ணாம்புக் குன்றுகளின் நடுவே நீர்ச்சறுக்கு, விலங்குகள், வெந்நீர் ஊற்று எல்லாம் ஒரே இடத்தில் உண்டு. வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். சுங்கை பேராக் ஓய்விடத்தில் நின்று, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டுக் கிளம்பலாம். பூங்காக்கள் பலவற்றில் வெளி உணவுக்கு அனுமதி இல்லை.

புறப்படும் முன் நான்கு வேலைகள் இருக்கின்றன. பூங்கா திறக்கும் நாளையும் நேரத்தையும் உறுதி செய்யுங்கள். மலேசியர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்று பார்த்து, மைகார்டு, மைகிட் இரண்டையும் எடுத்து வையுங்கள். பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்து, எந்த விளையாட்டில் ஏறலாம் என்று சொல்லிவிடுங்கள். வரிசையில் அரை மணி நேரம் நின்று, வாசலில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம். நீச்சல் உடையையும் மறக்காதீர்கள். சறுக்குகளில் பருத்திச் சட்டையைப் பொதுவாக அனுமதிப்பதில்லை.

அங்கே போனதும் ஆளுக்கொரு விருப்பம் மட்டும் கேளுங்கள். உயரமான சறுக்குகளை முதலில் முடித்துவிடுங்கள். மாலையில் இடி மின்னல் வந்தால் அவற்றை நிறுத்திவிடுவார்கள். உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் நிழலில் உட்காருங்கள். அது வீண் நேரமல்ல.

"பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமே" என்பார்கள் சிலர். வேண்டாம். வெந்நீரில் கால் நனைத்தபடி பேரப்பிள்ளைகளைப் பார்த்திருப்பது அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் கால் மரத்துப்போயிருந்தால் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அதனால் வேறொருவர் நீரின் சூட்டைப் பார்த்த பிறகே அவர்கள் கால் வைக்கட்டும். இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

முடிந்தால் ஓர் இரவு ஈப்போவில் தங்குங்கள். நாள் முழுவதும் வெயிலில் அலைந்தவர் இரவில் கார் ஓட்டுவது ஆபத்து. பார்க்காமல் விட்டவை அடுத்த விடுமுறை வரை அங்கேயே இருக்கும். குடும்பம் சிரித்தபடி வீடு திரும்பினால் அந்தப் பயணம் வெற்றிதான்.